ஒரு காரியமாக நகருக்குள் போய்வருதல்

சென்னையின் மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து ஆகியவற்றின் வழித்தடங்களைச் சென்ற அத்தியாயங்களில் தனித்தனியே விவரித்தோம். ஆனால் வழித்தடங்களை மனப்பாடமாக அறிந்தவர்கள்கூட, ஒரு பொருளை வாங்கி வரவோ, ஒரு வீட்டில் எதையேனும் சேர்ப்பித்து வரவோ புறப்பட்டுப் போய், பொழுது சாயும் வேளையில் கால் ஓய்ந்து, போன காரியம் முடியாமலே திரும்பி வருவதை நாம் அன்றாடம் காண்கிறோம். வண்டியின் தாமதத்தையும் நெரிசலையும் வெயிலையும் இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை சிரமத்தை மிகுவிக்கும். காரியத்தையே கெடுப்பது அபூர்வம். பிரயாணத்தைத் தம் வீட்டு வாசற்படியிலிருந்து எண்ணத் தொடங்குவதே பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். காரியம் எந்த இடத்தில் முடியவேண்டுமோ அந்த இடத்திலிருந்து, அதாவது கடைக்காரரின் மேஜையிலிருந்தோ உறவினர் வீட்டுக் கதவிலிருந்தோ தொடங்கி, அங்கே எப்போது ஆள் இருப்பார், அந்தத் தெருவை இன்று மக்கள் எந்தப் பெயரால் வழங்குகிறார்கள், அதற்கு அருகில் எந்த நிறுத்தம், அந்த நிறுத்தத்துக்கு எந்த வண்டி என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வந்து, கடைசியாகத் தம் வாசலை அடைகிறவர் வழி தவறுவது அரிது.

இதனை விளக்க, எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். அவர்கள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது. வீட்டில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒத்தாசைக்காக வந்திருந்த, கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர் ஒருவரை அவருடைய பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து, "தம்பி, கடற்கரை ஸ்டேஷன்ல எறங்கி ஆண்டர்சன் தெருவுல பத்திரிகைக் கட்ட வாங்கிக்கோ. வர்ற வழியில லாயிட்ஸ் ரோட்டுல அத்தைப்பாட்டி வீட்டுல இந்த முறுக்கக் குடுத்துட்டு வந்துடு" என்றார். பெரியம்மா ஓர் எவர்சில்வர் சம்படம் நிறையக் கைமுறுக்கு அடுக்கி, மஞ்சள் பையில் வைத்து, சம்படத்தை மறவாமல் திருப்பிக் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினார். வீட்டு எண் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

பெரியப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடற்கரை நிலையம் ஆண்டர்சன் தெருவுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. காகிதக் கடைகளும் பத்திரிகை அச்சிடுவோரும் நிறைந்த தெரு அதுதான். லாயிட்ஸ் ரோடும் இருக்கத்தான் இருக்கிறது. எனினும் நாற்பது ஆண்டுகளாக அந்நகரில் வாழ்ந்தவருக்கு அச்சொற்களோடு சேர்ந்து மனத்தில் எழும் எத்தனையோ உப விவரங்கள், ஊருக்குப் புதியவரான இளைஞரின் மனத்தில் எழுவதற்கு நியாயமில்லை. அவர் கைப்பேசியில் வரைபடம் இருந்தது. வரைபடம் நாம் கேட்ட இடத்தைக் காட்டுமேயன்றி, நாம் கேட்கத் தவறியதை எடுத்துரைக்காது.

முதல் தவறு குரோம்பேட்டையிலேயே தொடங்கிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் மின்சார ரயில்கள் வாரநாட்களைவிடக் குறைவாகவே ஓடுகின்றன. அதற்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. நெடுநேரம் நின்று ஒரு வண்டியில் ஏறிய இளைஞர், கையில் கடற்கரைக்குரிய சீட்டுடன், தம் எதிரில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "சார், கடற்கரைக்குப் போகணும், எங்க எறங்கணும்?" என்று விசாரித்தார். அந்தப் பெரியவர் அவர் முகத்தையும் மஞ்சள் பையையும் பார்த்து, விடுமுறை நாளில் கடல் பார்க்க வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளை என்று எண்ணி, மனப்பூர்வமான பரிவோடு, "கடற்கரை ஸ்டேஷன் போயிடாதீங்க தம்பி, அங்க கடல் இல்ல, ஹார்பர்தான். பார்க்ல எறங்கி, பக்கத்துல பூங்கா நகர் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கத்துல எறங்குங்க" என்று வழி சொன்னார். மெரினாவுக்குப் போகிற எவருக்கும் இதைவிடச் சிறந்த ஆலோசனையை நானும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் வாசகர் சற்று நின்று நிதானமாகக் கவனிக்கவேண்டும். ஆண்டுதோறும் எண்ணற்ற வெளியூர்ப் பிரயாணிகள் இதே நிலையப் பெயரால், ஆனால் எதிர்த்திசையில், ஏமாற்றமடைகிறார்கள். மெரினாவை நாடி வருகிறவர்கள் கடற்கரை நிலையத்தில் இறங்கித் துறைமுகத்தின் மதிலைப் பார்த்து நிற்கிறார்கள். அந்நிலையம் இராஜாஜி சாலையில் உள்ளது. அச்சாலைக்கு முன்னாள் பெயர் வடக்குக் கடற்கரைச் சாலை. அக்காலத்தில் அலை அந்தச் சாலைக்கு மிக அருகில் வந்து மோதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் துறைமுகத்தின் தெற்குச் சுவரால் தடுக்கப்பட்டு, தெற்கே மேலும் மேலும் குவிந்து இன்றைய அகன்ற மெரினா உண்டாயிற்று; அங்கே உலாவும் சாலையை ஆளுநர் கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டு அமைத்தார். இவ்வாறு கடல் ஓரிடத்திலும் கடற்கரை என்னும் பெயர் பிறிதோரிடத்திலும் நிலைத்துவிட்டன. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்கள் உதவும். அவற்றிலிருந்தும் மணலை அடையக் கணிசமாக நடக்கவேண்டும். பூங்கா, பூங்கா நகர் என்பவை இரண்டும் சென்ட்ரலை அடுத்த வெவ்வேறு நிலையங்கள். முன்னது தாம்பரம் தடத்துக்கும் பின்னது வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலுக்கும் உரியவை என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்க.

இளைஞர் பெரியவர் சொன்னபடியே செய்தார். கலங்கரை விளக்க நிலையத்தின் படிகளில் இறங்குகையில் டிக்கெட் பரிசோதகர் சீட்டைக் கேட்டார். கடற்கரைக்கு வாங்கிய சீட்டு பூங்கா நகருக்குத் தெற்கே செல்லாது. சீட்டின்றியோ, செல்லாத சீட்டுடனோ பிரயாணம் செய்தால் குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய், கட்டணம் அதற்குமேல். "கடற்கரைக்குத்தானே சார் வந்திருக்கேன்?" என்று இளைஞர் சீட்டை நீட்டிக் காட்டிய காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதிகாரி பொறுமையோடு விளக்கிவிட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தார். வழியில் மார்க்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தால், மாறும் நிலையத்திலேயே புதுச்சீட்டு வாங்கிவிடவேண்டும். அதற்குச் செலவாகும் சில நிமிஷங்களை மிச்சப்படுத்துவதில் எவ்விதப் பிரயோஜனமும் இல்லை. முதல் வகுப்புப் பெட்டியையும் மகளிர் பெட்டியையும் அறியாமல் அவசரத்தில் ஏறுகிறவர்களுக்கும் இதே கதிதான் நேரும். நடைமேடையில் வண்டி வந்து நிற்கும்போதே பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுக.

நிலையத்திலிருந்து நடந்து, காமராஜர் சாலையைக் கடந்து, கண் முன்னே மணலையும் அதற்கப்பால் கடலையும் கண்டபோதுதான், இங்கே ஆண்டர்சன் தெரு இருக்க முடியாது என்பது இளைஞருக்குத் தெளிவாயிற்று. சுண்டல் விற்கும் ஒருவரை விசாரித்தார். "பாரிமுனைக்கு பஸ் புடி தம்பி" என்று பதில் கிடைத்தது. மணற்பக்கத்திலிருந்த நிறுத்தம் நாலடி தூரத்தில் இருந்தபடியால் அங்கேயே நின்று, வந்த பேருந்தில் ஏறினார். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்பவை. எனவே மணலோரமாக நிற்கும் வண்டி தெற்கே சாந்தோமை நோக்கிப் போகும். பாரிமுனை வடக்கே இருக்கிறது. காமராஜர் சாலையில் பேருந்து ஓடும்போது கடல் நமக்கு வலக்கைப் பக்கம் இருந்தால் பாரிமுனைக்குப் போகிறோம், இடக்கைப் பக்கம் இருந்தால் சாந்தோமுக்குப் போகிறோம் என்னும் இந்த ஒரு குறிப்பை அறிந்திருந்தால், சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரத்தைக் காணும்வரை அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

பேருந்தைப்பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்லவேண்டும். ஏறுவதற்கு முன் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து தடத்தையே மாற்றிவிடும். 29சி என்பது பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடுவது, அதில் அந்தச் 'சி'யை விட்டுவிட்டு 29 என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் எங்கேயோ போய்ச் சேருவார். எண்ணும் எழுத்தும் சரியாக இருந்தாலும், பலகையில் இறுதி ஊரின் பெயரைப் படிப்பது அவசியம்; அது ஒன்றுதான் வண்டி எந்தத் திசையில் போகிறது என்பதையும், பாதி வழியோடு நின்றுவிடும் 'கட் சர்வீஸ்'தானா என்பதையும் சொல்லும். பெரும்பாலான பேருந்துகளில் நடத்துநர் தம் ஆசனத்தில் அமர்ந்தபடியே சீட்டுக் கொடுக்கிறார். கூட்டத்தில் நிற்பவர் பணத்தை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து, "ஒரு பாரிமுனை" என்று சொல்ல, அது கைமாறிக் கைமாறிப் போய், சீட்டும் சில்லறையும் அதே கைகளின் வழியாகத் திரும்பி வரும். முன்பின் அறியாதவர்கள் தம் பிடியை ஒரு கணம் விட்டுவிட்டுப் பிறருடைய பத்து ரூபாயைப் பத்திரமாகச் சேர்ப்பிக்கும் இந்தப் பழக்கத்தை நான் இந்நகரின் சிறந்த பண்புகளில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆகையால் சில்லறையாகக் கொண்டுபோவது நமக்கு மட்டுமல்லாமல் அத்தனை கைகளுக்கும் சௌகரியம். பெரிய நோட்டைக் கொடுத்தால், மீதித் தொகையை நடத்துநர் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பதுண்டு. இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறப்பவர்கள் அநேகர். நம் இளைஞர் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்திருந்தார். தவறான திசையில் போகிறோம் என்று தெரிந்ததும் பதறி இறங்கியவர், சீட்டின் பின்னால் எழுதியிருந்த தொகையை நடைபாதையில் நின்றுதான் படித்தார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் 2021 மே முதல் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம். அவர்களும் நடத்துநரிடம் அதற்குரிய சீட்டைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் வண்டிகள் ஓடின. அக்காலத்தில் வழி தெரியாதவர் சாலையில் பதித்த தண்டவாளத்தைப் பார்த்து நடந்தாலே நகரின் முக்கியமான இடத்துக்கு வந்து சேரலாம். பேருந்து அவ்விதமான தடயம் எதையும் விட்டுச் செல்வதில்லை. போகும் வழியில் இறங்கிய நிறுத்தத்துக்கு நேர் எதிரிலேயே திரும்பும் நிறுத்தம் இருக்கும் என்னும் நம்பிக்கையும் பொய்த்துப்போகும். ஒருவழிப் பாதைகள் மிகுந்த பகுதிகளிலும், மெட்ரோ வேலைக்காகச் சாலைகள் திருப்பிவிடப்பட்ட பகுதிகளிலும், திரும்பும் வண்டி வேறொரு தெரு வழியாகவே போகும். ஆகவே இறங்கியவுடன், அங்குள்ள கடைக்காரர் ஒருவரிடம், திரும்பிப் போக எங்கே நிற்கவேண்டும் என்று கேட்டுவிட்டுப் பிறகு காரியத்துக்குப் போவது நல்லது.

இளைஞர் பாரிமுனையை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. வாரநாட்களில் ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தால் காகித ரீம்களை ஏற்றிய கைவண்டிகளும் மீன்பாடி வண்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, கடைதோறும் மாதிரிப் பத்திரிகைகள் பிள்ளையார் படத்துடனும் மஞ்சள் குங்கும வண்ணத்துடனும் அடுக்கி வைத்திருக்க, நடப்பதற்கே தோளை ஒடுக்கவேண்டும். அன்றோ இரு மருங்கிலும் இழுத்து மூடிய இரும்புக் கதவுகள். திறந்திருந்த ஒரே டீக்கடையில் அவர் அச்சகத்தைப்பற்றிக் கேட்க, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "ஞாயித்துக்கெழம இங்க யாரு தம்பி தொறப்பா? நாளைக்கு வா" என்றார். பாரிமுனையைச் சூழ்ந்த மொத்த வியாபாரத் தெருக்களில், துணிக்குக் கோடவுன் தெருவானாலும், கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெருவானாலும், ஞாயிறு என்பது பொதுவாக விடுமுறை. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அலைமோதும். அதைக் கண்டு பழகியவர்கள் எல்லாக் கடைத்தெருவும் அவ்வாறே என்று நினைத்துக்கொள்கிறார்கள். அச்சகத்தின் மேஜையிலிருந்து பின்னோக்கி எண்ணியிருந்தால், முதல் கேள்வியிலேயே இப்பிரயாணம் மறுநாளைக்கு ஒத்திப் போடப்பட்டிருக்கும்.

எஞ்சியிருந்தது முறுக்கு. லாயிட்ஸ் ரோட்டுக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். இங்ஙனமே மௌண்ட் ரோடு அண்ணா சாலையாகவும், எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையாகவும், மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலையாகவும், பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலையாகவும், சைனா பஜார் ரோடு என்.எஸ்.சி. போஸ் சாலையாகவும் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆயின. முதியவர்கள் வாயில் பழைய பெயரும், தெருப் பலகையிலும் வரைபடத்திலும் புதிய பெயரும் வாழ்கின்றன. இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு போகிறவருக்கு எவரிடமும் விடை கிடைக்கும். இளைஞருக்கு இதை ஓர் ஆட்டோ ஓட்டுநர் சொல்லி, ராயப்பேட்டைக்குப் பேருந்து ஏற்றிவிட்டார். அவர் காலையில் இறங்கிய கலங்கரை விளக்க நிலையமே ராயப்பேட்டைக்கு அருகில் இருந்தது என்பதும், முறுக்கை அப்போதே கொடுத்திருக்கலாம் என்பதும் அவருக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

வீட்டு எண்ணில் கடைசி இடையூறு காத்திருந்தது. சென்னையின் பல தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் உண்டு. கதவின் பக்கத்தில் இரண்டையும் எழுதிவைப்பார்கள். சீட்டிலிருந்த எண் பழைய எண். இளைஞர் புதிய எண்ணாக அதே எண்ணைத் தாங்கியிருந்த வீட்டின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்ததும் ஒரு பாட்டியே. "பெரியம்மா முறுக்கு குடுத்து அனுப்பினாங்க பாட்டி, கல்யாணத்துக்குச் செஞ்சது" என்றார். "வாப்பா, உள்ள வா, வெயில்ல வந்திருக்கே" என்று பாட்டி அவரை அமரச் செய்து, சம்படத்தை வாங்கி உள்ளே வைத்து, காபி கலந்து கொடுத்தார். காபி பாதி ஆகும்போது, "யாருக்குப்பா கல்யாணம்?" என்று அவர் கேட்ட கேள்வியைக் குடும்பத்துக்கே உரிய மறதி என்று இளைஞர் எண்ணி, அக்காளுக்குத்தான் என்று பதில் சொல்லி, ஆசீர்வாதம் பெற்று, சம்படத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு, வெறுங்கையோடு குரோம்பேட்டைக்குத் திரும்பினார். இரவு பெரியம்மா அத்தைப்பாட்டிக்குத் தொலைபேசியில் பேசியபோது, முறுக்கு வரவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் அந்த முகமறியாத பாட்டி செய்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தமக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் கல்யாணம் இல்லை என்று யோசித்தறிந்த அவர், ஒரு முறுக்கைக்கூட விள்ளாமல் எடுத்துவைத்து, தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு விசாரித்தார். அதே எண்ணைப் பழைய எண்ணாக உடைய வீடு எது, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் உறவினர் குரோம்பேட்டையில் உண்டா என்ற மூன்றுக்கும் அவர் நின்ற நிலையில் பதில் சொன்னார். சம்படம் அன்றைக்கே அத்தைப்பாட்டியிடம் போய்ச் சேர்ந்தது.

நடந்து போய் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் இதை நன்கு மனத்தில் கொள்ளவேண்டும். இஸ்திரிக்காரர் வீடுவீடாகத் துணி வாங்கி வீடுவீடாகத் திருப்பிக் கொடுப்பவர். எந்த மாடியில் யார் குடியிருக்கிறார்கள், எவர் வீடு மாற்றிப் போனார் என்பதை அவரைப்போல் அறிந்தவர் தெருவில் இல்லை. அவருக்கு அடுத்தபடி தபால்காரரும், பால் போடுபவரும், தெருமுனையில் பூக்கட்டும் அம்மாளும். வேகமாக நடந்து போகிறவரை நிறுத்திக் கேட்பதில் பலனில்லை. அவரும் நம்மைப்போல் வெளியாளாக இருக்கக்கூடும். கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. "இப்படியே போனா அவ்வை சண்முகம் சாலை வருமில்ல?" என்று கேட்டால், தெரியாதவரும் மரியாதைக்காக வரும் என்று சொல்லிவிடுவார், "அவ்வை சண்முகம் சாலைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் தெரிந்தவர் விரலை நீட்டுவார், தெரியாதவர் உதட்டைப் பிதுக்குவார். போகும் காரியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது இன்னும் உத்தமம். ரயிலில் அந்த இளைஞர், "ஆண்டர்சன் தெருவுல பத்திரிகை வாங்கப் போறேன்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால், அந்தப் பெரியவரே அவரைக் கடற்கரை நிலையம்வரை உட்காரவைத்திருப்பார்.

இனி, இதே காரியத்தைச் சரியாக எப்படிச் செய்வது என்று பார்ப்போம். திங்கட்கிழமையில் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது மணிவரை. சுப காரியமாதலால் பெரியவர்கள் ஒன்பதுக்குப் பிறகே புறப்படச் சொல்வார்கள். அலுவலகம் செல்வோரின் நெரிசலும் அதற்குப் பின் சற்றுத் தணியத் தொடங்குவதால், இந்த நியமம் பிரயாணிக்கும் அனுகூலமே. பத்திரிகைக் கட்டு கனமானது, முறுக்கு இலேசானது. கனமானதைச் சுமந்துகொண்டு வீடு தேடலாகாது. ஆகவே முதலில் ராயப்பேட்டை. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் கிண்டிக்கு வந்து, அங்கே மெட்ரோவுக்கு மாறி, ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கி, நடந்தோ ஒரு சிறு பேருந்துப் பயணமாகவோ அவ்வை சண்முகம் சாலையை அடையலாம். முறுக்கைக் கொடுத்து, சம்படத்தை வாங்கிக்கொண்டு, மீண்டும் அதே மெட்ரோ தடத்தில் வடக்கே போனால், வண்டி மாறாமலே உயர்நீதிமன்ற நிலையம் வந்துவிடும். 2019 பிப்ரவரியில் அந்நிலையம் திறந்தபின் பாரிமுனைக் கடைத்தெருக்கள் நகரின் தென்பகுதியினருக்கு மிக எளிதாகிவிட்டன. அங்கிருந்து ஆண்டர்சன் தெரு நடைதூரம்தான். அச்சகத்தில் கட்டை அவிழ்த்து, மணமக்கள் பெயர், நாள், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியவற்றை அங்கேயே நின்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொள்க.

திரும்பும்போது மெட்ரோவை நாடாமல் கடற்கரை நிலையத்துக்கு நடந்துவிடுவது நலம். தாம்பரம் தடத்து மின்சார ரயில்கள் அங்கிருந்தே புறப்படுவதால், காலி வண்டியில் ஏறி, கட்டை மேல்தட்டில் வைத்துவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து வரலாம். கோட்டையிலோ பூங்காவிலோ ஏறினால் இந்தச் சௌகரியம் நிச்சயமில்லை. விரைவு வண்டிகள் சில நிலையங்களில் நில்லாமல் போய்விடும். குரோம்பேட்டையில் நிற்குமா என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து ஏறவேண்டும்.

ஒருவரைக் காரியமாக அனுப்பி வைக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வாசலில் நின்று செருப்பு மாட்டும் பிள்ளையிடம் ஒரே மூச்சில் வழி சொல்லாதீர்கள். முதல் நாள் இரவே உட்கார்ந்து, இறங்கவேண்டிய நிலையம், தெருவின் இரண்டு பெயர்கள், வீட்டின் இரண்டு எண்கள், போய்ச் சேரும் இடத்திலிருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவான எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கடை திறந்திருக்கிறதா என்று நீங்களே பேசி அறிந்து, பத்தும் இருபதுமாகச் சில்லறையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.